சிங்கப்பூர் – நியூயார்க் இடைநில்லா விமானம்: பதினெட்டரை மணி நேரப் பயணம் கொடுத்த பணத்துக்குத் தகுமா?

சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையிலான வான்வழித் தூரத்தை இணையத்தில் தேடினால், தூரக் கணிப்புத் தளங்கள் அனைத்தும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் தருகின்றன. சாங்கி விமான நிலையத்திலிருந்து ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் வரை 15,349 கிலோமீட்டர் என்பதே அந்த எண். பயண நேரத்தைக் கேட்கும்போதுதான் தளத்துக்குத் தளம் விடை மாறுகிறது. ஒரு தளம் பதினேழரை மணி நேரம் என்கிறது; இன்னொன்று பத்தொன்பதே முக்கால் மணி நேரம் என்கிறது. தூரத்தை ஏதோ ஒரு சராசரி வேகத்தால் வகுத்து, ஏறி இறங்குவதற்காக அரை மணி நேரத்தைச் சேர்த்துப் போட்டுவிடும் இந்தக் கணக்கை நம்பி விடுப்பு விண்ணப்பத்தையோ மருந்து வேளைகளையோ திட்டமிடுபவர்கள் ஏமாந்துபோவார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நடத்தும் எஸ்கியூ 24, எஸ்கியூ 23 ஆகிய இரு விமானங்களும் இன்று உலகின் மிக நீண்ட இடைநில்லாப் பயணிகள் சேவையாக இயங்குகின்றன. கால அட்டவணைப்படி இவை எடுத்துக்கொள்ளும் நேரம், பருவத்தைப் பொறுத்துச் சற்றுக் கூடியும் குறைந்தும், பதினெட்டரை மணிக்கும் பத்தொன்பது மணிக்கும் இடைப்பட்டது. இந்தச் சேவைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எதை வாங்குகிறது, அதை யார் வாங்கலாம், யார் வாங்க வேண்டாம் என்பதே இந்த மதிப்புரையின் நோக்கம்.

முதலில் அந்த 15,349 கிலோமீட்டரைப் பார்ப்போம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை பாகைகூட மேலே இல்லை. நியூயார்க் ஏறத்தாழ 40.6 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஆனால் நெட்டாங்கைப் பார்த்தால், இரு நகரங்களும் பூமியின் ஏறக்குறைய நேர் எதிர்ப் பக்கங்களில் இருப்பது தெரியும். இரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு 178 பாகைக்குச் சற்றுக் குறைவு. அதனால், உலக உருண்டையின் மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்து இவ்விரு நகரங்களையும் இணைத்தால், அந்த நூல் பசிபிக் பெருங்கடலையும் தொடாது, அட்லாண்டிக்கையும் தொடாது. நேராக வடக்கே ஏறி, இந்தோசீனா, சீனா, மங்கோலியா, சைபீரியா ஆகியவற்றைக் கடந்து, வட துருவத்துக்கு முந்நூறு கிலோமீட்டருக்குள் உரசிச் சென்று, கனடாவின் வழியே கீழிறங்கும். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு ஏறக்குறைய 9,850 கிலோமீட்டர், துருவத்திலிருந்து நியூயார்க்குக்கு ஏறக்குறைய 5,500 கிலோமீட்டர் என்று கூட்டிப் பார்த்தால், தளங்கள் தரும் எண் அப்படியே வந்துவிடுகிறது. கணக்கு சரிதான். ஆனால், அந்தக் கோட்டின் மீது இந்த விமானம் பறப்பதில்லை.

நியூயார்க்குக்குச் செல்லும் விமானம் பெரும்பாலும் வடகிழக்காகத் திரும்பி, தென்சீனக் கடலையும் ஜப்பானின் அருகாமையையும் கடந்து, வட பசிபிக் மீது நெடுநேரம் பறந்து, வட அமெரிக்காவை மேற்கிலிருந்து கிழக்காகக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. இந்தச் சேவையைத் தொடங்கியபோது நிறுவனமே அறிவித்த பயணத் தூரம் ஏறத்தாழ 16,700 கிலோமீட்டர். அதாவது, மிகக் குறுகிய பாதையைவிட 1,300 கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். இந்தச் சுற்றுக்குக் காரணம் காற்று. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஓடும் வேகக் காற்றோட்டம் விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளிக்கொடுக்கும்போது, மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் தரையைப் பொறுத்தவரை 1,050 கிலோமீட்டர் வேகத்தில் நகர்வதை இருக்கைத் திரையிலேயே காணலாம். கூடுதல் தூரத்தைக் காற்று ஈடுகட்டிவிடுகிறது. திரும்பி வரும் விமானத்துக்கும் இதே கணக்குதான் என்பதால், பல நாள்களில் அது அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே பறந்து வருகிறது. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு என்று பயணி உலகையே ஒரு சுற்றுச் சுற்றி வீடு சேர்கிறார். வேறு சில நாள்களில் வட பசிபிக் வழியாகவே திரும்புவதும் உண்டு. அன்றன்றைய காற்று நிலவரத்தைப் பார்த்துத்தான் பாதை முடிவாகிறது. 2022ஆம் ஆண்டு உக்ரைன் போர் தொடங்கிய பின் ரஷ்ய வான்வெளியைப் பல நிறுவனங்கள் தவிர்த்து வருவதையும் சேர்த்துப் பார்த்தால், சைபீரியா வழியாகச் செல்லும் அந்த 15,349 கிலோமீட்டர்க் கோடு பெரும்பாலும் வரைபடத்தோடு நின்றுவிடுவது புரியும்.

இந்தத் தடத்துக்கு ஒரு முற்பிறவியும் உண்டு. 2004ஆம் ஆண்டு ஜூன் மாதம், நான்கு என்ஜின்கள் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 விமானத்தைக் கொண்டு, நியூயார்க்கை அடுத்துள்ள நியூவர்க் நகருக்கு இதே நிறுவனம் இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. 2008இல் அந்த விமானங்களின் இருக்கைகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, நூறு பிசினஸ் வகுப்பு இருக்கைகளை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்தது. எரிபொருள் விலை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் நான்கு என்ஜின்களுக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகவில்லை. 2013 நவம்பரில் சேவை நின்றது. ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 2018 அக்டோபர் 11 அன்று, இரண்டே என்ஜின்கள் கொண்ட ஏ350-900 யுஎல்ஆர் என்ற சிறப்பு வகை விமானத்தோடு நியூவர்க் சேவை மீண்டது. கென்னடி விமான நிலையத்துக்கான சேவை, பெருந்தொற்றின் நடுவே, 2020 நவம்பரில் தொடங்கியது. நியூவர்க்குக்கான தூரம் கென்னடியைவிட ஐந்து கிலோமீட்டர் குறைவு என்பதால், சாதனைப் பட்டம் கைமாறியது அந்த ஐந்து கிலோமீட்டரில்தான்.

விமானத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பயணிக்குக் கிடைக்கும் நன்மை, தீமை இரண்டுமே அதன் எரிபொருள் தொட்டியிலிருந்துதான் தொடங்குகின்றன. வழக்கமான ஏ350-900 விமானம் ஏறத்தாழ 1,41,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். யுஎல்ஆர் வகை 1,65,000 லிட்டர் கொள்கிறது. தொட்டி முழுதும் நிரப்பினால் எரிபொருள் மட்டுமே 130 டன் அளவில் வரும். விமானம் தரையை விட்டு எழுவதற்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடையோ 280 டன்தான். எழும்பும் எடையில் கிட்டத்தட்டப் பாதி எரிபொருளே என்றாகிவிடும்போது, மீதி எடையில்தான் விமானத்தின் உடலும் பயணிகளும் பெட்டிகளும் உணவும் தண்ணீரும் அடங்க வேண்டும். மேலும், நீண்ட பயணத்தில் கடைசி ஆறு மணி நேரத்துக்கான எரிபொருளை முதல் பன்னிரண்டு மணி நேரம் சுமந்துகொண்டு பறக்க வேண்டியிருப்பதால், அதைச் சுமப்பதற்கே கூடுதல் எரிபொருள் செலவாகிறது. இந்த எடைக் கணக்கினால்தான் முன்பக்கச் சரக்கு அறை பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறது. இதனால்தான் இந்த விமானத்தில் 161 பேருக்கு மட்டுமே இடம். இதே நிறுவனத்தின் வழக்கமான நெடுந்தூர ஏ350 விமானத்தில் 253 பேர் அமர்கிறார்கள். பிசினஸ் வகுப்பில் 67 இருக்கைகளும் பிரீமியம் எக்கானமியில் 94 இருக்கைகளும் உள்ளன. எக்கானமி வகுப்பே கிடையாது.

இதைக் குறையாகச் சொல்வதா, நிறையாகச் சொல்வதா என்பது பயணியின் பையைப் பொறுத்தது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இந்த விமானம் ஏறக்குறைய மூடிய கதவுதான். நான்கு பேருக்குப் பிரீமியம் எக்கானமி கட்டணம் என்பது எளிய செலவன்று. ஆனால் எடைக் கணக்கைப் பார்த்த பிறகு, பதினெட்டரை மணி நேரத்துக்கு ஒரு வரிசையில் ஒன்பது பேரை அடைத்துக்கொண்டு போகாமல் விட்டதற்கு நன்றி சொல்லத்தான் தோன்றுகிறது.

பிரீமியம் எக்கானமி இருக்கையை எடுத்துக்கொள்வோம்; பெரும்பாலான வாசகர்கள் யோசிக்கக்கூடிய வகுப்பு அதுதான். இரண்டு, நான்கு, இரண்டு என வரிசைக்கு எட்டு இருக்கைகள். முன் இருக்கைக்கும் பின் இருக்கைக்கும் இடைவெளி 38 அங்குலம், அகலம் 18.5 முதல் 19.5 அங்குலம் வரை, சாய்மானம் எட்டு அங்குலம், திரை 13.3 அங்குலம். கெண்டைக்காலைத் தாங்கும் பலகையும் பாதம் வைக்கும் கம்பியும் ஒவ்வோர் இருக்கைக்கும் உண்டு. எண்களைப் படித்தால் தாராளமாகத் தோன்றும். ஆறு, ஏழு மணி நேரம் வரை அப்படித்தான் இருக்கும். அதற்கு மேல், எவ்வளவு நல்ல இருக்கையானாலும், கட்டிலுக்கும் நாற்காலிக்கும் உள்ள வேறுபாட்டை இடுப்பு எடுத்துச் சொல்லத் தொடங்குகிறது. உட்கார்ந்தபடி உறங்கப் பழகியவர்களுக்கு இது பெரிய இடரன்று. ஒருக்களித்துப் படுத்தால்தான் கண் அசரும் என்பவர்கள் கழுத்துத் தலையணை ஒன்றை மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும். கெண்டைக்கால் பலகையை முழுதும் உயர்த்திவிட்டு, கீழே கைப்பையை வைத்து அதன் மேல் குதிகாலை ஊன்றிக்கொண்டால், கால் தொங்கி மரத்துப்போவது பெருமளவு குறைகிறது.

இந்த வகுப்பில் தேடிப் பிடிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. விமானத்தின் உடல் வால் பக்கம் குறுகிச் செல்வதால், கடைசி மூன்று வரிசைகளில் சன்னலோரம் இரண்டுக்குப் பதில் ஒரே ஓர் இருக்கைதான். பக்கத்தில் எவரும் இல்லை; இருக்கைக்கும் சன்னலுக்கும் இடையே மூடியுள்ள நீளப் பெட்டி ஒன்று இருக்கிறது. அதனுள் தண்ணீர்ப் புட்டி, மடிக்கணினி, சால்வை, மருந்துப் பை எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டு, மூடியின் மேல் முழங்கையை ஊன்றிச் சாய்ந்துகொள்ளலாம். எழுந்திருக்க வேண்டுமென்றால் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. மொத்தம் ஆறு இருக்கைகளே இப்படி உள்ளன என்பதால் முன்பதிவு திறந்தவுடன் இவை போய்விடுகின்றன. வால் பக்கம் என்பதால் காற்றுக் குலுக்கல் சற்றுக் கூடுதலாகத் தெரியும் என்பது மட்டும்தான் கவனிக்க வேண்டியது. தனியாகப் பயணம் செய்பவருக்கு, பிரீமியம் எக்கானமியின் மற்ற 88 இருக்கைகளைவிடவும் இந்த ஆறும் ஒரு படி மேல் என்றே மதிப்பிடுவேன்.

பிசினஸ் வகுப்பைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஒன்று, இரண்டு, ஒன்று என்ற அமைப்பு. 28 அங்குல அகலம். முதுகுப் பகுதியை முன்பக்கமாகக் கவிழ்த்தால் சமதளப் படுக்கை. காலை நேராக நீட்டாமல் மூலைவிட்டமாக வைத்துப் படுக்க வேண்டியிருக்கும் என்பதை உயரமானவர்கள் அறிந்திருப்பது நல்லது. பணத்தை நிறுவனம் கொடுக்குமானால் யோசிக்கத் தேவையில்லை.

இருக்கையைவிடவும் இந்தப் பயணத்தைத் தாங்கக்கூடியதாக ஆக்குவது விமானத்தின் உடல் என்று நினைக்கிறேன். பழைய விமானங்களில் பறக்கும்போது உள்ளே பேணப்படும் காற்றழுத்தம் ஏறத்தாழ 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். அது உதகமண்டலத்தைவிடவும் உயரம். கார்பன் இழைக் கலவையால் கட்டப்பட்ட ஏ350, 6,000 அடிக்குச் சமமான அழுத்தத்தைத் தாங்குகிறது. குன்னூரில் உட்கார்ந்திருப்பதைப் போல என்று சொல்லலாம். கேட்கச் சிறியதாகத் தோன்றினாலும், பதினெட்டு மணி நேரத்துக்குப் பின் தலைவலி இல்லாமல் இறங்குவதற்கு இது உதவுகிறது. உள்ளே ஈரப்பதமும் பழைய விமானங்களைவிடக் கூடுதல், இரைச்சலும் குறைவு. ஆனாலும் தோல் வறளத்தான் செய்கிறது, உதடு வெடிக்கத்தான் செய்கிறது. தண்ணீரைக் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிப்பதும், இரண்டு மணிக்கொரு முறை எழுந்து பின்பக்கம் வரை நடந்துவிட்டு வருவதும் கட்டாயம். கால் இரத்த நாளங்களில் இரத்தம் உறையும் அபாயம் உள்ளவர்கள், வயதானவர்கள், கருவுற்றவர்கள் ஆகியோர் இறுக்கமான காலுறை வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது.

உணவைப் பொறுத்தவரை, இரண்டு முழு உணவும் இடையில் சிற்றுணவும் தருகிறார்கள். இந்திய மரக்கறி உணவு வேண்டுமென்றால் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே பதிந்துவிட வேண்டும். அப்படிப் பதிந்தவர்களுக்கு மற்றவர்களுக்கு முன்பாகவே தட்டு வந்துவிடுகிறது. நீண்ட பயணத்தில் அது ஒரு வசதி. உண்டு முடித்து மற்றவர்களுக்கு முன் படுத்துவிடலாம். முதல் உணவு நள்ளிரவுக்குப் பின், சிங்கப்பூர் நேரப்படி ஏறக்குறைய ஒரு மணிக்கு வருகிறது. வீட்டில் இரவு உணவை முடித்துவிட்டு வந்தவர்கள் இந்த முதல் உணவைத் தயங்காமல் தவிர்த்துவிடலாம். அந்த நேரத்தில் வயிற்றை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்த நிலையில் உறங்க முயல்வதைப் போன்ற தண்டனை வேறில்லை. திரையில் தமிழ்ப் படங்களும் இருக்கின்றன. விமான நிறுவனத்தின் உறுப்பினர் திட்டத்தில் கட்டணமின்றிப் பதிந்துகொண்டவர்களுக்கு 2023 ஜூலை முதல் இணைய இணைப்பும் இலவசம்.

உறக்கத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதே இந்தப் பயணத்தின் உயிர்நாடியான கேள்வி. கோடையில் நியூயார்க் சிங்கப்பூருக்குப் பன்னிரண்டு மணி நேரம் பின்தங்கியிருக்கிறது, குளிர்காலத்தில் பதின்மூன்று மணி நேரம். பகல் இரவாகவும் இரவு பகலாகவும் அப்படியே தலைகீழாகிவிடுகிறது. இதைவிடப் பெரிய நேர மாற்றம் உலகில் சாத்தியமில்லை. எஸ்கியூ 24 நள்ளிரவையொட்டிப் புறப்பட்டு, அதே நாள் விடிகாலையில் நியூயார்க்கில் இறங்குகிறது. கடிகாரத்தில் ஆறேழு மணி நேரமே ஓடியிருக்கும். உடலில் பத்தொன்பது மணி நேரம் ஓடியிருக்கும். புறப்பட்டவுடன் இயல்பாக வரும் உறக்கத்துக்கு முழுதாக இடம் கொடுத்தால், எட்டு மணி நேரம் கழித்து வட பசிபிக் மீது விழித்துக்கொண்டு, மீதிப் பத்து மணி நேரத்தைக் கொட்டக் கொட்ட விழித்தே கழித்து, நியூயார்க்கின் காலையில் மாலை நேரக் களைப்போடு இறங்க வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக, முதலில் மூன்று, நான்கு மணி நேரத்தோடு எழுந்துகொண்டு, படம் பார்த்தோ வேலை செய்தோ நடுப்பகுதியைக் கடத்தி, கடைசி ஆறேழு மணி நேரத்தை உறக்கத்துக்கு வைத்துக்கொள்வதே பயன் தருகிறது. ஏனென்றால், அந்தக் கடைசி ஏழு மணி நேரம்தான் நியூயார்க்கின் உண்மையான இரவு.

சூரியனும் இதற்கு ஒத்துழைக்கிறது. குளிர்காலப் பயணத்தில், புறப்பட்டு ஐந்தாறு மணி நேரத்தில், ஜப்பானைத் தாண்டிய பின், சன்னல் மூடியின் ஓரங்களில் வெளிச்சம் கசியத் தொடங்கும். விமானம் கிழக்கு நோக்கி, அதாவது சூரியன் நகரும் திசைக்கு எதிராக, உயர்ந்த அகலாங்குகளில் விரைவதால், பகல் சுருங்கிவிடுகிறது. மூடியைச் சற்றே தூக்கிப் பார்த்தால், கீழே மேகப் பரப்பின் மீது விழும் வெயில் மஞ்சளாகி, செம்மையாகி, காலைக்கும் மாலைக்கும் நடுவே நண்பகல் என்ற ஒன்று வந்து நிற்கவே இல்லையோ என்று ஐயப்படும்படி கடந்துபோகிறது. கனடாவை நெருங்கும்போது மறுபடியும் இருட்டிவிடும். அந்த இரண்டாம் இருட்டில் படுப்பதுதான் சரியான நேரம். ஆஸ்திரேலியாவின் குவான்டாஸ் நிறுவனம், 2019 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்கு 19 மணி 16 நிமிடத்தில் ஒரு சோதனைப் பறப்பை நடத்தியபோதும், விளக்கொளியையும் உணவு வேளையையும் சேருமிடத்தின் கடிகாரத்துக்கே மாற்றி வைத்துத்தான் பயணிகளின் உடல்நிலையை ஆராய்ந்தது. சிட்னியிலிருந்து லண்டனுக்கு ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர் இடைநில்லாமல் பறக்க அந்த நிறுவனம் ஏ350-1000 விமானங்களுக்கு ஆணை கொடுத்திருக்கிறது. அது பறக்கத் தொடங்கினால், நியூயார்க் சேவை இரண்டாம் இடத்துக்கு இறங்கும்.

இனி, பணம் எதை வாங்குகிறது என்ற கேள்விக்கு வருவோம். இதே நிறுவனம் ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவும் நியூயார்க்குக்கு விமானம் ஓட்டுகிறது. அதில் எக்கானமி வகுப்பும் உண்டு. சிங்கப்பூர் – ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 10,300 கிலோமீட்டர், அங்கிருந்து கென்னடி சுமார் 6,200 கிலோமீட்டர், கூட்டினால் 16,500. இடைநில்லா விமானம் உண்மையில் பறக்கும் 16,700 கிலோமீட்டரோடு ஒப்பிட்டால், நின்று போகும் வழி தூரத்தில் கூடுதலானதாகவே தெரியவில்லை! ஆனால் நேரத்தில் நான்கைந்து மணி நேரம் கூடுதல். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, மீண்டும் பாதுகாப்புச் சோதனைக்கு நின்று, மறுபடியும் ஏறுவதற்கும், தரையிறங்கி எழும்புவதற்கும், ஐரோப்பாவிலிருந்து மேற்கு நோக்கிச் செல்கையில் எதிர்க்காற்றில் மல்லுக்கட்டுவதற்கும் அந்த நேரம் போகிறது. எனவே, இடைநில்லாச் சேவை விற்பது கிலோமீட்டர்ச் சிக்கனத்தை அன்று. நான்கைந்து மணி நேரத்தையும், நடு இரவில் எழுப்பப்படாத உறக்கத்தையும், இணைப்பு விமானம் தவறிவிடுமோ என்ற கவலையிலிருந்து விடுதலையையும்தான். வேலை நிமித்தம் போகிறவருக்கும், மூட்டுவலியோடு நெடுந்தூரம் நடக்க இயலாத பெற்றோருக்கும் அந்த விலை நியாயமானதே. முதுகு உறுதியாக இருக்கும் இளையவர்கள், கட்டண வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போய், மிச்சத்தை நியூயார்க்கில் செலவிடலாம். அங்கே செலவுக்குப் பஞ்சமில்லை.

சென்னையிலிருந்து புறப்படுகிறவர்கள் இந்தச் சேவையைத் தேர்ந்தெடுக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. சென்னையிலிருந்து நியூயார்க் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 13,500 கிலோமீட்டர். துபாய் வழியாகச் சென்றால் இரண்டு கட்டங்களும் சேர்ந்து 14,000 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகின்றன. சிங்கப்பூர் வழியாகச் செல்வதென்றால், முதலில் எதிர்த்திசையில் 2,900 கிலோமீட்டர் பறந்து, பிறகு இந்தப் பதினெட்டரை மணி நேரத்தைத் தொடங்க வேண்டும். குறுகிய பாதைக் கணக்கில்கூட மொத்தம் 18,000 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. சிங்கப்பூரில் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டுச் செல்லும் எண்ணம் இருந்தாலன்றி, சென்னைப் பயணிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளில் வாழ்பவர்களுக்கே இது பொருந்தும்.

கென்னடியா, நியூவர்க்கா என்பதையும் பயணச் சீட்டு எடுக்கும் முன் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். எடிசன், ஜெர்சி சிட்டி போன்ற, இந்தியர்கள் மிகுதியாக வாழும் நியூ ஜெர்சிப் பகுதிகளுக்குச் செல்பவர்களுக்கு நியூவர்க்தான் பக்கம். கென்னடியில் இறங்கினால் நகரத்தைக் குறுக்கே கடக்கவே ஒன்றரை மணி நேரம் போய்விடும். இருப்பினும், இவ்விரண்டுக்கும் பெரிய வேறுபாடு திரும்பும் நேரத்தில்தான் இருக்கிறது. கென்னடியிலிருந்து எஸ்கியூ 23 இரவு பத்தரை மணியளவில் கிளம்பி, மூன்றாம் நாள் விடிகாலையில் சாங்கியில் இறங்குகிறது. திங்கள் இரவு ஏறுபவர் புதன் காலையில் இறங்குகிறார். அன்றைக்கே அலுவலகம் போகலாம் என்று நினைப்பவர்கள் பிற்பகலில் மேசை மீது தலை சாய்ப்பதைத் தவிர்க்க முடியாது. நியூவர்க்கிலிருந்து வரும் எஸ்கியூ 21 காலையில் கிளம்பி, மறுநாள் மாலை சிங்கப்பூரை அடைகிறது. வீட்டுக்கு வந்து குளித்து, ஒரு வாய் ரசம் சோறு சாப்பிட்டுவிட்டு நேராகப் படுக்கைக்குப் போய்விடலாம் என்பதால், உடல் பழைய கடிகாரத்துக்குத் திரும்புவது இந்த வழியில் எளிது. போகும்போது எந்த விமானத்தில் போனாலும், வரும்போது நியூவர்க்கைத் தேர்ந்தெடுப்பதே என் பரிந்துரை.

போகும் வழியில் மட்டும் இரண்டு விமானங்களும் விடியும் முன்போ விடிந்த கையோடோ இறங்கிவிடுகின்றன. குடிநுழைவுச் சோதனை முடிந்து விடுதி வாசலை அடையும்போது காலை எட்டு, ஒன்பது மணிதான் ஆகியிருக்கும். அறையோ பிற்பகல் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். முன்கூட்டியே எழுதிக் கேட்டு வைத்தால் சில விடுதிகள் அறையைச் சீக்கிரம் தருகின்றன. மற்றவை பெட்டிகளை வாங்கி வைத்துக்கொள்கின்றன. வயதானவர்களோடு செல்பவர்கள், முந்தைய இரவுக்கும் சேர்த்து அறையைப் பதிந்துவிடுவது செலவானாலும் தேவையானது. பயணச் செலவைக் கணக்கிடும்போதே அந்த ஓர் இரவு வாடகையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.